கோழி வயிற்றில் ஓர் ஓட்டை

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்குச் 'சல்லடை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது எனக்குக் கேட்காமலும் இல்லை. உடைந்த பொருளைப் பார்த்து, அது எப்படி உடைந்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் இருபத்தாறு வருடங்களாக என் வேலை. நிறுத்தி வைத்திருந்த காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பார் ஒருவர். நசுங்கிய இடத்தில் ஒட்டியிருக்கும் அவர் வீட்டு கேட்டின் பச்சைப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக் காட்டுவேன். குழாய் தானாக வெடித்தது என்பார் இன்னொருவர். குழாயில் ஸ்பானரின் பல் பதிந்திருக்கும். இப்படிப் பொய் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. சொந்தக்காரர்களைப் பார்ப்பது மாதிரிதான் இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்றால் வழக்கம்போல் தள்ளிப்போட்டுவிடுவேன்.

இருபத்துநான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு சூளையில் இருந்த அத்தனை மண்பாண்டங்களும் என்னால் உடைந்தன. பழி என் அக்கா மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, அக்காவுக்கு முப்பத்திரண்டு. மரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சாயங்கால வகுப்பு நடந்தது. சக்கரம் கிடையாது, எல்லாம் கையால்தான். மண்ணைக் கயிறாக உருட்டி, சுற்றுச் சுற்றாக அடுக்கி, விரலால் இழைத்து மேலே எழுப்ப வேண்டும். நடத்தியவரை நாங்கள் மாஸ்டர் என்போம். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும். என் முதல் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எது மேல்பக்கம்?" என்று கேட்டார். அதற்கு மேல் என் திறமையைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அக்கா அப்படி இல்லை. அவளுக்கு இடதுகைப் பழக்கம். எழுதினால் கோழிக் கிறுக்கல், மண்ணைத் தொட்டால் மட்டும் அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இரண்டு மாதம் உட்கார்ந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு ஜாடி எழுப்பினாள். அதைச் சுற்றி வந்து பார்த்த மாஸ்டர், "இது நல்லபடியா வெந்து வரட்டும். ஞாயித்துக்கிழமை பசங்க வகுப்பை நீ எடுத்துக்கோ" என்றார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே நடந்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதே வாரம் நான் ஒரு கோழி செய்திருந்தேன். கைப்பிடி அளவு, உள்ளே வெற்றிடம். மாஸ்டர் அதை வாங்கி, அடிவயிற்றில் ஊசியால் ஒரு துளை போட்டுக் கொடுத்தார். உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றும் ஈரமும் வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வெடிக்கும் என்று முதல் நாளே அவர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். பெரிய சாமான்களைச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் கோழி பாவம், இத்தனூண்டு. அது போக, அந்த இடத்தில் அப்படி ஒரு ஓட்டை எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சூளை அடுக்குவதற்கு முந்தைய சாயங்காலம், யாரும் பார்க்காத நேரத்தில் ஈரமண்ணை வைத்து அதை அடைத்தேன். விரலை நனைத்து வழவழவென்று தேய்த்தும் விட்டேன். அந்த வகுப்பில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமாக அமைந்தது அது ஒன்றுதான்.

சூளையைத் திறந்த அன்று உள்ளே ஒரு முழுச் சாமான் இல்லை. எல்லாம் சில்லுச் சில்லாகக் கிடந்தது. அக்காவின் ஜாடியில் வாய்ப்பக்கம் மட்டும் வளையமாக மிஞ்சியிருந்தது. மாஸ்டர் குனிந்து ஜாடியின் அடித்துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். "அடிப்பாகம் தடிமன். உள்ள ஈரம் காயல. இதுதான் வெடிச்சிருக்கு" என்றார். வெடித்தது எது என்று எனக்குத் தெரியும். என் கோழி துண்டாகக்கூடக் கிடைக்கவில்லை, பொடியாகப் போயிருந்தது. மாஸ்டரின் கோபம் ஆறட்டும், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அக்கா வகுப்புக்கு வரவில்லை. ஞாயிறு வகுப்பை மாஸ்டர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அவளேதான் வேண்டாம் என்றாள். "அடி ஒழுங்கா வைக்கத் தெரியாதவ பசங்களுக்கு என்னத்த சொல்லிக் குடுக்கறது?" ஒரு ஆஸ்பத்திரியில் பழைய கேஸ் கட்டுகளை அடுக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நானும் வகுப்பை விட்டேன். தங்கை பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

இன்னும் கேளுங்கள். என் கோழியும் தன் ஜாடியால் உடைந்துபோயிற்றே என்று அக்காவுக்கு ஒரே வருத்தம். முதல் சம்பளத்தில் கடையிலிருந்து ஒரு பீங்கான் கோழி வாங்கிவந்து, "மன்னிச்சுக்கடி குட்டி" என்று என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அதை ஷோகேஸில் வைத்து வாராவாரம் துடைத்தும் வந்தேன். விபத்து நடந்த ஏழு நாளைக்குள் தகவல் தர வேண்டும், தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று ஊராருக்குக் கடிதம் எழுதுகிறவள் நான்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருடம் என் கணவர் ஒரு காரியம் செய்தார். மகள் வெளியூரில் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு டம்ளர் உடைந்தால்கூட நான் விசாரணை நடத்துகிறேன் என்பது அவருடைய குறை. எந்தக் கையால் எடுத்தீர்கள், கை ஈரமாக இருந்ததா, உடையும்போது டிவி ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்பேனாம். நூலகத்தில் ஏதோ அறிவிப்பைப் பார்த்துவிட்டு, வீட்டு அமைதிக்காக என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு. மண் பாத்திர வகுப்பு. நீதான் அந்தக் காலத்துல பண்ணிட்டிருந்தியே."

"எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

இந்த ஒரு வார்த்தையை ஊரெல்லாம் போய்க் கேட்கிறவள் நான். அந்தச் சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு போனேன்.

நூலகத்துக்கு மேல்மாடி. பிளாஸ்டிக் விரித்த நீள மேசை இரண்டு, காயவைக்கும் அலமாரி ஒன்று, மூலையில் பிரிட்ஜ் மாதிரி மின்சாரச் சூளை. டீச்சருக்கு இருபத்தொன்பது வயது, தோளுக்கு மேலே வெட்டிய முடி. வந்தவர்களையெல்லாம் ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டாள். என் பக்கத்தில் ஒரு பல் டாக்டர். தன் பழைய கருவிகளைத் துணியில் சுருட்டிக் கொண்டுவந்து, கோப்பையின் விளிம்பைச் சொத்தைப்பல் மாதிரி சுரண்டிக்கொண்டிருப்பார்.

இருபத்துநான்கு வருடத்தில் என் கை ஒரு இம்மியும் மாறவில்லை. மண்ணை உருட்டினால் கயிறு வராது, மலைப்பாம்பு வரும். நான் செய்த பூச்சாடியைப் பல் டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நிக்குமா மேடம்?"

"உக்காரும்" என்றேன்.

முதலில் வெந்து வந்த கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலை அது குளியலறையில் சோப்பைச் சுமந்துகொண்டு இருந்தது. கணவர் வேண்டுமென்று செய்யவில்லை. சோப்புப் பெட்டி என்றே நினைத்துவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தேன். மூடிய உருவம் எதையும் செய்யவில்லை. தட்டு, தட்டு, மறுபடியும் தட்டு. எட்டாவது வாரம் டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பதினோரு தட்டு ஆச்சு ஆன்ட்டி. ஏதாவது வயிறு இருக்கற சாமான் பண்ணலாமே? பறவை மாதிரி?"

"எனக்குத் தட்டுதான் பிடிக்கும்."

"பன்னெண்டு பேர் சாப்பிட வராங்களா?" என்றார் பல் டாக்டர்.

வகுப்பைப் பற்றி அக்காவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆபீஸ் என்று சொல்லியிருந்தேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. கணவர் போனில் பேச்சுவாக்கில் உளறிவிட்டார். அக்கா கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் சந்தோஷத்தில் குதித்தாள்.

"அட கல்லுளிமங்கி, இத எதுக்குடி மறைச்ச? என்னாலதான் உனக்கு அது விட்டுப் போச்சு. எனக்கு எத்தனை நாள் உறுத்திருக்கு தெரியுமா? போ, நல்லா பண்ணு."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றேன். அவளிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. சொன்னால் அக்கா எனக்கு இருப்பாளா என்றும் தோன்றியது. அம்மா அப்பா போன பிறகு என்னைக் குட்டி என்று கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் என்பது என் கைவசம் எப்போதும் இருக்கிற சரக்கு.

அந்த அடுத்த வாரம் பெருமழை. வகுப்பு முடிகிற நேரத்தில் மாடிப்படியில் ஈரச் செருப்புச் சத்தம். அக்கா. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் எனக்காக இன்னொரு மழைக்கோட்டோடு வாசலில் நின்றாள். என்னை ஸ்கூட்டரில் கூட்டிப் போக வந்திருந்தாள்.

"உள்ள வாங்க ஆன்ட்டி. கொஞ்சம் மண்ணு தொட்டுப் பாருங்க" என்றாள் டீச்சர்.

அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு வேண்டாம்மா. என் கைக்கு ஒத்துக்காது. ஒரு காலத்துல அடி தடிமனா வெச்சு ஒரு சூளையவே நாசம் பண்ணினவ நான். இவளோட கோழியும் அதுலதான் போச்சு, பாவம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டீச்சர் விட்டிருக்கலாம். தொழில் தெரிந்தவள், விடவில்லை.

"அடி தடிமன்னா அது விரியும், இல்லன்னா அது மட்டும் தெறிக்கும். சூளை முழுக்க உடைஞ்சுதுன்னா வேற ஏதோ மூடின சாமான் வெடிச்சிருக்கணும், ஓட்டை போடாம. உள்ள அப்படி ஏதாவது இருந்ததா?"

"ஒண்ணும் இல்லம்மா. மூடினதுன்னா இவ கோழி ஒண்ணுதான். அதுக்கு மாஸ்டர் ஓட்டை போட்டிருந்தாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

எத்தனையோ சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நல்ல மனதோடு எனக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவள் இவள் ஒருத்திதான். கையில் பன்னிரண்டாவது தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"அந்த ஓட்டைய நான் அடைச்சிட்டேன்" என்றேன்.

பல் டாக்டர் சுரண்டுவதை நிறுத்தினார்.

"எப்போ?" என்றாள் அக்கா.

"அடுக்கறதுக்கு மொத நாள் சாயங்காலம்."

"எதால?"

"ஈரமண்ணு வெச்சு."

"தேய்ச்சு விட்டியா?"

"விட்டேன்."

"சூளையத் திறந்தப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அக்கா."

நான் கேட்க வேண்டிய கேள்விகளை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு எனக்காகக் கொண்டுவந்த மழைக்கோட்டை நாற்காலி மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் அந்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். அழுதுகொண்டே போனேன். மழையில் தெரியாது என்பது எவ்வளவு சௌகரியம்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "கோழின்னா அந்த இடத்துல ஒரு ஓட்டை இருக்கத்தானே செய்யும்? அதுக்கு என்ன கூச்சம்?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

அக்கா போனை எடுக்கவில்லை. முதல் வாரம் தினமும் அடித்தேன், இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, "இப்ப வேண்டாம். போ" என்று சொல்லிவிட்டு மூடினாள். கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேனா தானாக 'சம்பவத்தின் விவரம்' என்று தலைப்புப் போட்டது. கிழித்துப் போட்டேன். வீட்டில் டம்ளர் உடைந்தாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கணவருக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

நான்காவது சனிக்கிழமை காயவைக்கும் அலமாரியில் ஒரு புதுச் சாமான் இருந்தது. ஈரம் போகாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு முழத்துக்கு மேல் உயரம், வேலை இன்னும் முடியவில்லை. தாளைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தேன். விரல் தடங்கள் எல்லோருடையதையும்போல் வலப்பக்கம் சாயவில்லை, இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"புதன்கிழமை வகுப்பு ஆன்ட்டி" என்றாள் டீச்சர், நான் கேட்காமலேயே. "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. அப்பவும் இங்கதான் வெச்சுட்டுப் போறாங்க."

தாளை மறுபடி சுற்றிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷம். அடுத்த நிமிடமே இன்னொன்று உறைத்தது. இந்தக் கை இருபத்துநான்கு வருடம் கேஸ் கட்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் நான்தான், வேறு யாரும் இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் போனபோது அக்கா உள்ளே இருந்தாள். மேசை நடுவில் அந்த ஜாடி, தாளைப் பிரித்து வைத்திருந்தது. வாய்ப்பக்கமும் முடிந்துவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நான் உட்காரும்வரை காத்திருந்தாள்.

"டீச்சர், இதோட அடிய ஊசி விட்டுப் பாத்து எத்தனை தடிமன்னு சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க. அன்னிக்கு அவரு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. இன்னிக்கும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

டீச்சர் ஊசியைத் தேடினாள். பல் டாக்டர் எழுந்து தன் துணிச்சுருளைப் பிரித்தார். "இதுல மில்லிமீட்டர் கோடு இருக்கும்மா. ஈறு அளக்கறது" என்று மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். அந்த ஜாடிக்குள் கை விட அவர் சட்டையைத் தோள்வரை மடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நடுவில் குத்தினார். பிறகு ஓரத்தில், எதிர் ஓரத்தில், நான்கு பக்கமும். நோயாளிக்குச் சொல்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எட்டு. எட்டு. எட்டு. இங்க எட்டு. இங்கயும் எட்டு."

"தடிமனா?" என்றாள் அக்கா.

"இவ்வளவு உயரத்துக்கு இதுதான் அளவு ஆன்ட்டி. சுவரும் இதே எட்டுதான் இருக்கு. எனக்கே இப்படி வராது" என்றாள் டீச்சர்.

"நான் எப்பவும் இப்படித்தான் வைப்பேன். அந்தக் காலத்துலயும் இதே கைதான், இதே அளவுதான். மாத்தி வைக்க எனக்குத் தெரியாது." சொல்லச் சொல்ல அக்காவின் குரல் உடைந்தது. மண் அப்பிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஐம்பத்தாறு வயது மனுஷி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தோள் குலுங்க அழுதாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன்.

"நீ கிட்ட வராத."

நின்றேன். உட்காரவும் தோன்றவில்லை, போகவும் தோன்றவில்லை. எல்லோரும் தங்கள் வேலையைப் பார்ப்பது போல் பாவனை செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பி குத்திய தடங்களை உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாக இழைத்து மூடினாள். முகத்தில் இரண்டு கன்னத்திலும் மண். யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

"இன்னும் மூணு வாரம் காயணும். அப்புறம் எல்லாருடையதையும் சேர்த்து அடுக்கிடலாம்" என்றாள் டீச்சர்.

"இவளோடது இருக்கற சூளைல என்னோடத வைக்க மாட்டேன்."

"நான் தட்டு மட்டும்தான் பண்றேன் அக்கா" என்றேன். எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது.

"தட்டா இருந்தாலும் சரி." என்னைப் பார்த்துச் சொன்னாள். ஐந்து வாரத்தில் அவள் என்னிடம் பேசியது இது மூன்றாவது தடவை.

"அப்போ ரெண்டு தடவை எரிக்கணும்" என்று டீச்சர் தயங்கினாள்.

"எரிங்க. மொதல்ல என்னோடது."

ஜாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. டீச்சரும் பல் டாக்டரும் அலமாரியில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த அலமாரி அடுக்கில் ஒரு ஓரமாக என் தட்டுகள் இருந்தன. ஜாடியில் இடிக்காமல் இருக்க அவற்றை இறக்கியாக வேண்டும். யாரும் கேட்பதற்கு முன் நானே போனேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழ் அடுக்குக்கு மாற்றினேன்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மெதுவா எடுடி குட்டி. பக்கத்துல என்னோடது இருக்கு."